வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதியில் இருக்கிறது நம் போராட்டம்

கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ்த் தோழர்களுக்கு ஓர் அறைகூவல்
அக்டோபர் 20, 2020



நவம்பர் 3க்கு இன்னும் இரண்டே வாரம். பெருந்தொற்றை முன்னிட்டு, பதிவு செய்த வாக்காளர்களுக்கெல்லாம் இந்த முறை தபாலிலேயே வாக்குச்சீட்டு வந்துவிட்டது. நம்மவர் வீடுகளில் அந்த உறை என்ன ஆகியிருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். பல வீடுகளில் மின்சார பில்லுக்கும் கூப்பன் கத்தைக்கும் நடுவே பிரிக்காமல் கிடக்கிறது. பிரித்த வீடுகளிலும் அதிபருக்கான முதல் கட்டத்தை மட்டும் கறுப்பாக்கிவிட்டு, "மிச்சத்தை அப்புறம் படித்துப் பார்த்துப் போடலாம்" என்று எடுத்து வைத்துவிட்டார்கள்.

அந்த மிச்சத்துக்காகத்தான் உங்களை அழைக்கிறேன்.

ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸ் தன் ஏற்புரையில் "சித்தி" என்று ஒரு வார்த்தை சொன்னார். நம் வாட்ஸ்அப் குழுக்கள் அன்றிரவு தூங்கவில்லை. எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1992 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் கலிஃபோர்னியா ஜனநாயகக் கட்சியின் பக்கமே நின்றிருக்கிறது. 2016இல் வித்தியாசம் 40 லட்சம் வாக்குக்கும் மேல். சீட்டின் மேல்பாதியில் இந்த மாநிலம் என்ன சொல்லப்போகிறது என்பது ஊருக்கே தெரியும். தெரியாதது கீழ்ப்பாதி. ப்ராப் 14 முதல் ப்ராப் 25 வரை, மக்கள் நேரடியாக முடிவு செய்ய வேண்டிய பன்னிரண்டு முன்மொழிவுகள் அங்கே வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்று நம் பள்ளிகளின், தீயணைப்பு நிலையங்களின், மாவட்ட மருத்துவமனைகளின் அடுத்த பல ஆண்டுகளை முடிவு செய்யும். அது கம்பெனிகளின் சொத்துவரி பற்றிய ப்ராப் 15. கருத்துக்கணிப்புகளில் 'ஆம்' பாதியைத் தொட்டும் தொடாமலும் தத்தளிக்கிறது. அதைக் கரையேற்றவோ கவிழ்க்கவோ சில லட்சம் பேர் போதும். அந்தச் சில லட்சத்தில் நாமும் இருக்கிறோம்.

1978இல் நடந்தது

இந்த மாநிலத்துக்கு நாம் வந்திறங்குவதற்கு முன்பே போடப்பட்ட முடிச்சு இது. எழுபதுகளில் விலைவாசி ஏறியது. வீட்டு விலை அதைவிட வேகமாக ஏறியது. வீட்டின் மதிப்பு ஏற ஏறச் சொத்துவரியும் ஏறியது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளிய முதியவர்கள், சொந்த வீட்டைக் காப்பாற்ற முடியுமா என்று நடுங்கினார்கள். அரசுக் கருவூலத்தில் 500 கோடி டாலர் அளவுக்கு உபரி இருந்தும் தலைநகர் சாக்ரமெண்டோவில் இருந்தவர்கள் தீர்வு காணாமல் இழுத்தடித்தார்கள். மக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை நாம் மறுக்கக் கூடாது.

அந்தக் கோபத்தின் தலைமையில் போய் நின்றவர் ஹோவர்ட் ஜார்விஸ். லாஸ் ஏஞ்சலஸ் அடுக்குமாடிக் கட்டட உரிமையாளர் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர். இன்னொரு வரி எதிர்ப்பாளரான பால் கேனுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த ப்ராப் 13, 1978 ஜூன் 6 அன்று ஏறக்குறைய 65 சதவீத ஆதரவோடு வென்றது. சொத்துவரி விகிதம் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது; மதிப்பீடு 1975-76 நிலைக்குத் திரும்ப வேண்டும்; அதன்பின் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது; சொத்து கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோ மட்டுமே மறுமதிப்பீடு. இத்தனையும் அரசியல் சாசனத்துக்குள் ஏறியது. மாநிலத்தின் சொத்துவரி வருமானம் ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே விழுந்தது.

பாட்டியின் வீட்டைக் காப்பதற்கு என்று சொல்லி எழுதிய அந்தச் சட்டத்தில் அலுவலகக் கோபுரமும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், கேளிக்கைப் பூங்காவும் சேர்ந்தே உள்ளே நுழைந்தன. அங்கேதான் கோளாறு. பாட்டியின் வீடு ஒரு நாள் கைமாறும். புதிதாக வாங்குகிறவர் அன்றைய விலைக்கு வரி கட்டுவார். கம்பெனிக்குச் சாவு கிடையாது. அதன் பங்குகள் நாள்தோறும் சந்தையில் கைமாறினாலும் நிலம் அதே பெயரில் இருக்கும். மதிப்பீடும் பழையதாகவே இருக்கும். டிஸ்னிலேண்டின் பழைய நிலப்பகுதிகளுக்கு இன்றும் எழுபதுகளின் மதிப்பீடுதான் அடிப்படை.

விற்றால்கூடத் தப்பிக்க வழி உண்டு. கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தில் எந்த ஒருவரும் பாதிக்கு மேல் பங்கு வாங்காவிட்டால் 'கைமாறவில்லை' என்று பொருள். 2006இல் கணினி நிறுவன அதிபர் மைக்கேல் டெல் தரப்பு சாண்டா மோனிக்கா கடற்கரையில் மிராமார் ஹோட்டலை வாங்கியபோது, பங்குகளை அவருடைய மனைவியின் பெயரிலும் முதலீட்டுக் கூட்டாளிகளின் பெயரிலும் பிரித்து, யாரும் பாதியைத் தாண்டாதபடி அமைத்தார்கள். மாவட்டம் மறுமதிப்பீடு செய்தது, வழக்கு நடந்தது, நீதிமன்றம் மாவட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர்கள் சட்டத்தை மீறவில்லை. சட்டமே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் சட்டத்தை மாற்ற வேண்டும்.

உங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1980இல் ஒரு லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு. உச்சவரம்பான இரண்டு சதவீதம் ஆண்டுதோறும் ஏறியிருந்தாலும், நாற்பது ஆண்டுக்குப் பின் அதன் வரி மதிப்பு 2,20,000 டாலரைச் சற்றே தாண்டும். அடிப்படை வரி 2,200 டாலர் சொச்சம். அதே தெருவில், அதே அளவு வீட்டைப் போன ஆண்டு 15 லட்சம் டாலருக்கு வாங்கிய நம் தம்பி கட்டுவது 15,000 டாலர். ஃப்ரீமாண்ட்டிலும் சன்னிவேலிலும் சான் ரமோனிலும் இரட்டைச் சம்பளத்தில் கடன் வாங்கி வீடு பிடித்த நம்மவர் அத்தனை பேரும் இன்றைய விலைக்கு வரி கட்டுகிறவர்கள். அவர்கள் வேலைக்குப் போகும் வளாகத்தின் நிலச் சொந்தக்காரர் எந்த ஆண்டின் விலைக்குக் கட்டுகிறார்? இந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள்.

பட்ஜெட் ஏன் ஊஞ்சலாடுகிறது

சொத்துவரி என்பது நிதானமான வருமானம். அதை முடக்கியபின் மாநிலம் வருமான வரியின் தோளில் ஏறி உட்கார்ந்தது. அந்த வரியில் பாதிக்கு நெருக்கமான தொகை உச்சியில் இருக்கும் ஒரு சதவீதம் பேரிடமிருந்து வருகிறது. அவர்கள் வருமானமோ பங்குச்சந்தையோடு எழுந்து விழுவது. சந்தை தும்மினால் சாக்ரமெண்டோவுக்குக் காய்ச்சல். அங்கே காய்ச்சல் என்றால் ஓக்லாண்டில் ஆசிரியைக்கு வேலை நீக்க நோட்டீஸ்.

2009ஐ நினைத்துப் பாருங்கள். அந்த மே மாதம் பட்ஜெட் பள்ளத்தை அடைக்க ஆறு முன்மொழிவுகளோடு சிறப்புத் தேர்தல் வைத்தார்கள். பதிவு செய்தவர்களில் 28 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். ஐந்து தோற்றன. பற்றாக்குறை ஆண்டில் சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பள உயர்வு இல்லை என்ற ஒன்று மட்டும் வென்றது. ஜூலையில் மாநில அரசு பணத்துக்குப் பதிலாக 'பிறகு தருகிறோம்' என்று கடன் சீட்டு எழுதிக் கொடுத்தது. உலகின் பெரும் பொருளாதாரங்களில் ஒன்று தன் மக்களிடம் கடன் சொன்னது!

அந்தப் பள்ளத்திலிருந்து நம்மை ஏற்றிவிட்டதும் வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதிதான். 2010இல் வேறொரு ப்ராப் 25 வந்து, பட்ஜெட்டை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற தடையை எளிய பெரும்பான்மையாக்கியது. வரியை உயர்த்த மட்டும் அந்த மூன்றில் இரண்டு பங்கு நிபந்தனை இன்றும் இருக்கிறது. 2012இல் ப்ராப் 30 பணக்காரர் மீதான வருமான வரியையும் கொஞ்சம் விற்பனை வரியையும் கூட்டியது; 55 சதவீத ஆதரவு. 2016இல் ப்ராப் 55 அந்த வருமான வரியை 2030 வரை நீட்டித்தது, 63 சதவீதம். "கலிஃபோர்னியாக்காரன் எந்த வரிக்கும் ஆம் சொல்லமாட்டான்" என்பவரிடம் இந்த இரண்டு எண்களைச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு நிலைமை என்ன? மே மாதம் அரசு கணித்த பற்றாக்குறை 5,400 கோடி டாலர். ஜூன் பட்ஜெட்டில் அரசு ஊழியர் ஊதியத்தைக் குறைத்தார்கள். பல்கலைக்கழகங்களுக்கான நிதியை வெட்டினார்கள். பள்ளிகளுக்குத் தர வேண்டிய 1,100 கோடிக்கும் மேற்பட்ட டாலரைத் தள்ளிப்போட்டார்கள். அக்டோபர் 15க்குள் வாஷிங்டனிலிருந்து 1,400 கோடி வந்தால் இவற்றைத் திரும்பத் தருவோம் என்று பட்ஜெட்டிலேயே எழுதி வைத்தார்கள். அக்டோபர் 15 கடந்துவிட்டது. பணம் வரவில்லை. இதற்கிடையே காட்டுத்தீ 40 லட்சம் ஏக்கரை விழுங்கிவிட்டது. செப்டம்பரில் ஒரு நாள் பகல் முழுக்க வளைகுடாப் பகுதியின் வானம் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். தீயணைப்பவருக்கும், தொற்றுத் தொடர்பைத் தேடிப் பிடிக்கும் மாவட்டச் சுகாதாரப் பணியாளருக்கும், ஜூம் திரையில் முப்பது குழந்தைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியைக்கும் பணம் எங்கிருந்து வரும்?

ப்ராப் 15 கேட்பது

வணிகக் கட்டடங்களுக்கும் தொழிற்சாலை நிலங்களுக்கும் 1978இல் கிடைத்த மதிப்பீட்டுச் சலுகையை அது நீக்குகிறது. குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சந்தை மதிப்பைக் கணித்து வரி போடச் சொல்கிறது. விகிதம் அதே ஒரு சதவீதம்தான். 2022-23இல் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வரும்.

வீடுகளைத் தொடாது. வாடகைக் குடியிருப்புகளைத் தொடாது. விவசாய நிலத்தைத் தொடாது. மாநிலத்தில் மொத்தம் 30 லட்சம் டாலர் அல்லது அதற்கும் குறைவான வணிகச் சொத்து வைத்திருப்பவரைத் தொடாது. இடத்தில் பாதிக்கு மேல் சிறுகடைகள் இருக்கும் வளாகங்களுக்கு 2025-26 வரை அவகாசம். ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறுதொழிலுக்கு அடுப்பு, குளிர்பெட்டி, இயந்திரம் ஆகியவற்றின் மீதுள்ள சாதன வரி அடியோடு நீங்கும்.

சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகத்தின் கணிப்பு, ஆண்டுக்கு 650 கோடி முதல் 1,150 கோடி டாலர் வரை புதிய வருமானம். செலவினம் போக, 60 சதவீதம் நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் உள்ளூர்ச் சேவைகளுக்கும். 40 சதவீதம் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும். பணக்கார ஊர்ப் பள்ளியில் பெற்றோர் காசோலை எழுதி இசை ஆசிரியரைத் தக்க வைத்துக்கொள்கிறார்கள். ஸ்டாக்டனில், ஃப்ரெஸ்னோவில் அந்தக் காசோலையை யார் எழுதுவது?

கதவைத் திறந்தவர் கேட்கப்போகும் கேள்விகள்

தோழர்களே, எதிர்ப்பக்கம் முட்டாள்கள் இல்லை. வணிகர் வட்டமேசை, ஜார்விஸ் பெயரிலான வரிசெலுத்துவோர் சங்கம், பண்ணையாளர் அமைப்பு ஆகியவை கோடிக்கணக்கில் செலவழித்துத் தேர்ந்த வாசகங்களை வீட்டுத் தொலைக்காட்சிக்குள் அனுப்பியிருக்கின்றன. அவற்றைக் கேலி செய்யாமல் பதில் சொல்லப் பழக வேண்டும்.

"இன்று கட்டடம், நாளை என் வீடு." இதுதான் முதலில் வரும் பயம். பதிலும் எளிது. வீட்டுக்கான பாதுகாப்பு அரசியல் சாசனத்தில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டும் என்றால் மறுபடியும் மக்களிடம்தான் வாக்குக் கேட்க வேண்டும். மக்களின் வாக்கில்லாமல் உங்கள் வீட்டைத் தொட முடியாது.

"கம்பெனிகள் டெக்சாஸுக்குப் போய்விடும்." டல்லாஸில் இருக்கும் உங்கள் மச்சானைக் கேளுங்கள். அங்கே வீட்டுக்கும் கட்டடத்துக்கும் சந்தை மதிப்பில்தான் வரி. விகிதம் நம்முடையதைவிட அதிகம். தவிர, போகிறவர் நிலத்தைச் சுருட்டிக்கொண்டு போக முடியாது. அது இங்கேயே இருக்கும், அடுத்தவர் வருவார்.

"மதிப்பீட்டு அலுவலகங்கள் திணறும்." உண்மை. நாற்பது ஆண்டாகச் செய்யாத வேலை. ஆட்களை எடுக்க வேண்டும், பழக்க வேண்டும். அதற்கான செலவை முதலில் கழித்துக்கொள்ள இந்தச் சட்டமே இடம் தருகிறது. கால அவகாசமும் தருகிறது. வேலை கடினம் என்பதற்காக அநீதியை நிரந்தரமாக்கிவிட முடியாது.

"விவசாயிக்கு அடி." விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பண்ணையில் இருக்கும் பதப்படுத்தும் ஆலை போன்ற வணிகக் கட்டடங்களுக்கு மறுமதிப்பீடு வரலாம். அதை மறைக்க வேண்டாம். 30 லட்சம் டாலர் வரம்பைச் சொல்லுங்கள். அதற்குக் கீழே இருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு மேலே இருப்பவர் தன் பங்கைத் தர வேண்டியவர்தான்.

எல்லாவற்றிலும் கடினமான கதவு நம் கடைக்காரர்களுடையது. எல் காமினோ ரியல் சாலை நெடுக இட்லி விற்பவர், மளிகை வைத்திருப்பவர், பட்டுப்புடவைக் கடை நடத்தும் அக்கா. பலருக்கு 'ட்ரிபிள் நெட்' குத்தகை: வாடகை போக, கட்டடத்தின் சொத்துவரியும் காப்பீடும் பராமரிப்பும் கடைக்காரர் தலையிலேயே விழும். வரி ஏறினால் சொந்தக்காரர் அப்படியே இவர்களிடம் தள்ளிவிடுவார் என்ற பயம் வெறும் பிரச்சாரம் அல்ல. கொரோனாவில் பாதி வியாபாரம் போன நேரத்தில் அந்தப் பயத்தை எள்ளி நகையாடுகிறவர் தோழர் ஆகமாட்டார்.

அவர்களிடம் நேர்மையாகப் பேசுங்கள். 2025-26 வரையிலான அவகாசத்தைச் சொல்லுங்கள். சாதன வரி நீங்குவதைச் சொல்லுங்கள். சிறிய கட்டடச் சொந்தக்காரருக்கு விலக்கு இருப்பதைச் சொல்லுங்கள். அதற்கு அடுத்தபடியாக வரலாற்றைச் சொல்லுங்கள். 1978இல் ஜார்விஸ், வரி குறைந்தால் வாடகை குறையும் என்று வாக்குக் கொடுத்தார். குறையவில்லை. கொதித்துப்போன வாடகைதாரர்கள் அடுத்த ஆண்டே சாண்டா மோனிக்காவில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை வாக்குப் போட்டு வென்றெடுத்தார்கள். சொந்தக்காரர் தனக்கு எவ்வளவு செலவு என்று பார்த்து வாடகை வைப்பதில்லை. சந்தை எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வைக்கிறார். நாற்பது ஆண்டு வரிச் சலுகையில் ஒரு டாலராவது கடைக்காரரின் கைக்கு வந்ததா என்று கேளுங்கள். அப்படியும் சிலருக்குச் சுமை கூடலாம். குத்தகையைப் புதுப்பிக்கும்போது அவர்கள் பக்கம் நின்று பேரம் பேச நாம் துணை வருவோம் என்று சொல்லுங்கள். சொன்னபடி பிறகு போய் நில்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ப்ராப் 19உம் சொத்துவரி பற்றியதுதான். 55 வயதைக் கடந்தவர்கள் பழைய வரி மதிப்பைப் புது வீட்டுக்கு எடுத்துச் செல்வது, பெற்றோர் வீடு பிள்ளைக்கு வரும்போது வரி என்ன ஆகும் என்பது, இவையெல்லாம் அதில் வருகின்றன. "15 வந்தால் அப்பா வீட்டுக்கு வரி ஏறுமாமே" என்று யாராவது கேட்டால், அவர் 19ஐ 15 என்று நினைத்துப் பேசுகிறார். இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். இந்தக் குழப்பம் ஒன்றே நம்மைத் தோற்கடிக்கப் போதும்.

நம் பக்கத்துத் தயக்கங்கள்

வெளியாருக்குப் பதில் சொல்வது ஒரு புறம். நம் தோழர்கள் சிலரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "ஸக்கர்பெர்க் தம்பதியின் அமைப்பு பணம் தருகிற பிரச்சாரத்தில் நமக்கென்ன வேலை?" என்கிறார் ஒருவர். அந்தப் பணம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கோரிக்கையைப் பல ஆண்டு சுமந்து வந்தவர்கள் ஆசிரியர் சங்கத்தாரும் சேவைத் தொழிலாளர் சங்கமான எஸ்.இ.ஐ.யு.வும் வாடகைதாரர் குழுக்களும். தொழிலாளர் கட்டிய மேடையில் பணக்காரர் ஒருவர் ஏறினார் என்பதற்காக நாம் இறங்கிப்போனால், மேடை அவருடையதாகிவிடும்.

"இது சீர்திருத்தம்தானே, இதனால் என்ன மாறிவிடும்?" என்கிறார் இன்னொருவர். ப்ராப் 15 முதலாளித்துவத்தை அசைக்காது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசுப் பள்ளி நலிந்தால் பணக்காரர் தன் பிள்ளைக்குத் தனியார் பள்ளியைப் பார்த்துக்கொள்வார். மாவட்ட மருத்துவமனை மூடினால் அவருக்கு வேறு மருத்துவர் உண்டு. பொதுச் சேவை தேய்வது உழைப்பவர் வீட்டில்தான் முதலில் தெரியும். நாம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அரசுப் பள்ளியும் சத்துணவும் அரசு மருத்துவக் கல்லூரியும் ஒரு தலைமுறையைத் தூக்கிவிட்டதை நம் வீட்டிலேயே பார்த்தவர்கள். பொதுப்பணத்தில் படித்து இங்கே வந்து, அடுத்தவர் பிள்ளைக்கான பொதுப்பணத்துக்கு "எனக்கென்ன" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

மூன்றாமவர், "ஓட்டுநர்களை ஊழியர்களாக நடத்தாமல் தப்ப ஊபர், லிஃப்ட் போன்ற நிறுவனங்கள் ப்ராப் 22க்கு 20 கோடி டாலர் அளவுக்குக் கொட்டுகின்றனவே, முதலில் அதைத் தோற்கடிப்போம்" என்கிறார். சரிதான், அதற்கு 'இல்லை' போடச் சொல்லுங்கள். ஒரே அழைப்பில் இரண்டையும் சொல்ல முடியும்.

இந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியவை

மாநில அரசின் வாக்காளர் வழிகாட்டி பத்து மொழிகளில் வருகிறது. இந்தி உண்டு, தமிழ் இல்லை. ஆகவே தமிழில் இதை விளக்கப் போவது நீங்கள், அல்லது யாருமே இல்லை.

இன்றிரவே உங்கள் கைபேசியைத் திறந்து, குடியுரிமை பெற்ற பத்துப் பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒரு படத்தைத் தட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். அதை யாரும் படிப்பதில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழையுங்கள். "அண்ணா, சீட்டு வந்துவிட்டதா?" என்று தொடங்குங்கள். "உங்கள் வீட்டு வரி மாறாது" என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பயம் இறங்காதவரை வேறெதுவும் காதில் ஏறாது. பிறகு அவர் பிள்ளையின் பள்ளியைப் பற்றிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பேசாமல் கொஞ்ச நேரம் காது கொடுங்கள். கடைசியில் தெளிவாகக் கேளுங்கள்: "15க்கு ஆம் போடுவீர்களா?" வெட்கப்பட்டுக்கொண்டு சுற்றிவளைத்தால் வாக்கு வராது.

சீட்டைப் போடும் முறையையும் சொல்லித் தாருங்கள். உறையின் மேல் கையெழுத்துப் போட மறந்தால் வாக்கு தடைபடும். ஓட்டுநர் உரிமத்திலோ பதிவிலோ இருக்கும் அதே கையெழுத்தாக இருக்க வேண்டும். தபால் தலை வேண்டாம். நவம்பர் 3க்குள் அஞ்சல் முத்திரை விழ வேண்டும்; நவம்பர் 20க்குள் போய்ச் சேர வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். பெட்டியில் போடுவதென்றால் மாவட்டத் தேர்தல் அலுவலகம் வைத்த பெட்டியா என்று பார்த்துப் போடச் சொல்லுங்கள். ஃப்ரெஸ்னோ, லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு மாவட்டங்களில் குடியரசுக் கட்சியினர் தாங்களே பெட்டி வைத்து, மாநில அரசிடமிருந்து எச்சரிக்கை வாங்கியிருக்கிறார்கள். பதிவுக்கான நாள் நேற்றோடு முடிந்துவிட்டது என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம். வாக்குச்சாவடிக்கே போய் அன்றே பதிந்து அன்றே வாக்களிக்கலாம். இந்த மாதம்தான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

எச்-1பி விசாவிலும் கிரீன் கார்டிலும் இருக்கும் தோழர்களே, உங்களுக்கு வாக்கில்லை, வாய் இருக்கிறது. வாக்களிக்க மட்டும் முயலாதீர்கள், அது பெருங்குற்றமாகிவிடும். ஆனால் ஊதியம் வாங்காமல் தொண்டராக அழைப்புச் செய்யலாம், பேசலாம், தமிழில் எழுதலாம். சொத்துவரியை வாடகை வழியாகவோ நேரடியாகவோ கட்டுகிறவர்கள் நீங்கள். உங்கள் பிள்ளைகள் இதே பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். உங்கள் பேச்சுக்கு எடை உண்டு.

முதியவர்களை விட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து குடியுரிமை பெற்ற ஆயிரக்கணக்கான அப்பாக்கள், அம்மாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "நீ சொல்கிற இடத்தில் புள்ளி வைக்கிறேன்" என்பார்கள். அப்படி வைக்க விடாதீர்கள். உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள். ஊரில் வீட்டு வரி ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்த மனிதர்கள் அவர்கள். இந்த விஷயம் உங்களைவிட அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

17 லட்சம் கையெழுத்து திரட்டி இந்தக் கேள்வியைச் சீட்டில் ஏற்றியிருக்கிறார்கள். 42 ஆண்டு கழித்து, வீட்டையும் கம்பெனியையும் பிரித்துப் பாருங்கள் என்று இவ்வளவு நேராக மக்களிடம் கேட்க முடிந்திருக்கிறது. இதில் தோற்றால், "மக்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று காட்டிக் காட்டியே அடுத்த பல பட்ஜெட்டுகளை வெட்டுவார்கள். அந்த வெட்டு விழும்போது தெருவில் இறங்கிக் கத்துவதைவிட, இந்தப் பதினான்கு நாளில் தொலைபேசியை எடுப்பது எளிது.

தோழர்களே, உங்கள் சீட்டை இன்றே எடுங்கள். கீழ்ப்பாதி வரை போங்கள். 15க்கு ஆம் என்று நிரப்புங்கள். கையெழுத்திட்டு நாளைக்கே அனுப்புங்கள். பிறகு பத்துப் பேரை அழையுங்கள். அந்தப் பத்துப் பேரையும் ஆளுக்குப் பத்துப் பேரை அழைக்கச் சொல்லுங்கள்.

கம்பெனிகள் தங்கள் பங்கைக் கட்டட்டும்! பள்ளிகள் பிழைக்கட்டும்! ப்ராப் 15க்கு ஆம்!